பண்ணைக்குட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்: யாரிடம், எப்போது, எந்த ஆவணத்தோடு போக வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் மேட்டாங்காடு, அதாவது மழையை நம்பிய மேட்டு நிலம், வைத்திருப்பவர்களுக்கு, மழைநீரை நிலத்திலேயே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பது எளிது. அதற்கு எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போவது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். எங்கள் குடும்ப நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மானியம் வந்து சேர்வதற்குள் நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி, எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று எவரும் எடுத்துச் சொல்லாததால் நேர்ந்தது. அதே வழியில் இப்போது கால் வைக்கப் போகிறவர்களுக்காக, குறிப்பாக ஊருக்குத் திரும்பி முதன்முறையாக விவசாயத்தில் இறங்குகிறவர்களுக்காக, இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வயலுக்குள் செய்யும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளை, அதாவது பண்ணைக்குட்டை, மண்வரப்பு, தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை போன்றவற்றை, முதன்மையாகப் பார்ப்பது வேளாண்மைப் பொறியியல் துறை. விதையும் உரமும் கொடுக்கும் வேளாண்மை விரிவாக்க மையத்தையும் இந்தத் துறையையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பலர் தவறான வாசலில் நிற்கிறார்கள். இரண்டும் வேளாண்மை – உழவர் நலத்துறைக்குக் கீழே இருந்தாலும் தனித்தனித் துறைகள்.

உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பானவர் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர். நிலத்துக்கு வருவது, மட்டம் பார்ப்பது, மதிப்பீடு தயாரிப்பது, வேலை முடிந்ததும் அளவெடுப்பது ஆகிய நான்கும் இவர் கையில்தான் இருக்கின்றன. இவருக்கு மேலே, உபகோட்ட அளவில் உதவி செயற்பொறியாளர் இருக்கிறார். விண்ணப்பங்கள் இவர் அலுவலகத்தில் பதிவாகின்றன, அளவுகளை இவர் சரிபார்க்கிறார். மாவட்டத்துக்குச் செயற்பொறியாளர். சாதாரணமாக நீங்கள் செயற்பொறியாளர் வரை போக வேண்டிய தேவை வராது. எடுத்த எடுப்பில் அங்கே போனாலும் உங்கள் தாள் சுற்றிக்கொண்டு வட்டாரப் பொறியாளரிடமேதான் வந்து நிற்கும்.

இவர்களைத் தவிர மூன்று பேரை அறிந்து வைத்திருங்கள். முதலாமவர் உங்கள் ஊருக்கு வந்துபோகும் உதவி வேளாண்மை அலுவலர். உங்கள் கிராமத்தில் இந்த ஆண்டு எந்தத் திட்டம் நடக்கிறது என்பது இவருக்குத்தான் முதலில் தெரியும். இரண்டாமவர் கிராம நிர்வாக அலுவலர், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் இவரிடம். மூன்றாமவர் நில அளவர். எல்லையில் சந்தேகம் இருந்தால் மட்டும் இவர் தேவைப்படுவார், ஆனால் தேவைப்பட்டால் அதிக நாள் எடுப்பதும் இவருடைய வேலைதான்.

ஒரு வட்டாரப் பொறியாளர் பல ஊராட்சிகளைத் தனியாகப் பார்க்கிறார். சில இடங்களில் பணியிடம் காலியாக இருப்பதால் பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். பகலில் அவர் ஏதாவது ஒரு வயற்காட்டில் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். ஆகவே முன்கூட்டிப் பேசாமல் அலுவலகத்துக்குப் போய் நாற்காலி காலியாக இருக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. மாலையில் தொலைபேசியில் அழைத்து, ஊர், சர்வே எண், எத்தனை ஏக்கர், என்ன வேலை என்று நான்கு தகவல்களைச் சொல்லி, எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

2. எந்தத் திட்டத்தில் உங்கள் நிலம் வருகிறது என்று கேளுங்கள்

பண்ணைக்குட்டைக்கென்று ஒரே திட்டம் கிடையாது. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் தேர்வான கிராம ஊராட்சி என்றால் ஒரு வழி. பிரதம மந்திரி வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதி (மழைநீர் ஒரே வழியில் வடியும் நிலப்பரப்பு) பிரிவில் உங்கள் ஊர் வந்தால் இன்னொரு வழி. நூறு நாள் வேலை என்று வழங்கும் ஊரக வேலைத் திட்டத்தில் என்றால் மூன்றாவது வழி, அதற்கு அலுவலகமும் வேறு.

நீர்வடிப்பகுதித் திட்டத்தில் உங்கள் நிலம் வந்தால், ஊரில் அமைக்கப்பட்ட நீர்வடிப்பகுதிக் குழுவின் செயல்திட்டத்தில் உங்கள் வேலை இடம்பெற்றிருக்க வேண்டும். திட்டம் முடிவான பிறகு பெயர் சேர்ப்பது மிகவும் சிரமம். ஆகவே குழுக் கூட்டத்துக்கு நேரில் போய்ச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். ஊரக வேலைத் திட்டத்துக்கு ஊராட்சி செயலரையும் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியரையும் பார்க்க வேண்டும். அங்கே ஆள்வேலைதான் அடிப்படை என்பதால், பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

எந்த வழியானாலும் பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இந்த ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு இலக்கு (இத்தனை வேலை என்ற ஒதுக்கீடு) வந்துவிட்டதா, மானியம் முழுச் செலவுக்கா பகுதிக்கா, உச்சவரம்பு எவ்வளவு, பணத்தை நான் முதலில் போட்டுப் பிறகு பெற வேண்டிய பின்னேற்பு மானியமா? கடைசிக் கேள்விக்கான விடை தெரியாமல் விண்ணப்பிக்கவே கூடாது. பின்னேற்பு என்றால், வேலை முடிந்து அளவெடுத்துக் கோப்பு நகரும் வரை முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் நிற்கும்.

3. ஆவணங்கள்: தாமதத்தின் வேர் இங்கேதான்

கேட்கப்படுபவை புதியவை அல்ல. நில உரிமையைக் காட்டும் சிட்டா, நடப்பு அடங்கல், நில எல்லையின் வரைபடமான புலப்படம், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், சிறு குறு விவசாயி என்றால் வட்டாட்சியர் வழங்கும் சான்று, பட்டியல் வகுப்பினர் என்றால் சாதிச் சான்றிதழ். தனித்துவ உழவர் அடையாள எண் எடுத்தவர்கள் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு முதலில் அதை முடித்துவிடுங்கள். சிட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம்.

இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலேறி வரும். ஒவ்வொரு படியிலும் சில நாள் ஆகும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இதே சான்றுதான் வேண்டும். சிறு குறு விவசாயிகளுக்கு அதில் 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு மானியம் என்பதால், குட்டைக்கு எடுக்கும் சான்றை அதற்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் மிகுதியாகச் சிக்கல் எழுவது பட்டாவில்தான். பட்டா இன்னும் அப்பாரு (தாத்தா) பெயரில் இருக்கும், அனுபவிப்பது பேரன்மார். பங்காளிகளுக்குள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு, நடுவில் வரப்பும் போட்டு, முப்பது ஆண்டுகளாக ஒரு சண்டையும் இல்லாமல் வெள்ளாமை செய்திருப்பார்கள். அலுவலகத்துக்கு அந்த வரப்பு தெரியாது, தாளில் இருக்கும் பெயர்தான் தெரியும். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு பட்டா மாறுதலை முதலில் முடிக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்குதாரர்கள் அனைவரிடமும் ஒப்புதல் எழுதி வாங்க வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒருவர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஊருக்கு வரும்போது அந்தக் கையெழுத்தை வாங்கி வைத்துவிட்டால் பின்னால் பெரிய நிம்மதி. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதே நிலையான தீர்வு, ஆனால் அதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும் என்பதால், குட்டை வெட்டும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

பட்டா அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பட்டா ஒருவர், கணக்கு ஒருவர் என்று கொடுத்தால் மானியம் வரும் நேரத்தில்தான் கோப்பு திரும்பி வரும். ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் தலைப்பெழுத்து உட்பட ஒத்திருக்கின்றனவா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தின் நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உழவன் செயலியில் பதிந்திருந்தால் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

4. பொறியாளர் நிலத்துக்கு வரும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள். நம்மில் பெரும்பாலானோர் குட்டைக்கான இடத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, பொறியாளர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். நாம் காட்டும் இடம் வழக்கமாக எதற்கும் ஆகாத மேட்டு மூலையாகவோ, கிணற்றுக்குப் பக்கமாகவோ இருக்கும். எங்கள் நிலத்துக்கு வந்தவர் நான் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இங்க தண்ணி எங்கிருந்துங்க வரும்?" என்பதுதான். பிறகு மட்டக்கருவியை நிறுத்தி, சாய்வு எந்தப் பக்கம், மழையில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே மண் அரித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் என் நிலத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது அதிகம்.

அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பலத்த மழை பெய்யும்போது தண்ணீர் எந்த வழியில் நுழைந்து எந்த வழியில் வெளியேறுகிறது என்று கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வெயில் காலத்தில் வரும் பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. எல்லைக் கற்கள் தெரியும்படி முள்ளை வெட்டி வையுங்கள். அக்கம்பக்கத்துத் திறந்த கிணறுகளின் சுவரைப் பாருங்கள். எத்தனை அடிக்குச் செம்மண், எங்கே சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல்), எங்கே பாறை தொடங்குகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும். முடிந்தால் குட்டை வரும் இடத்தில் கடப்பாரையால் நான்கடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, மறுநாள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தச் சோதனை எதற்கு என்றால், பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து நிலங்களில் செம்மண்ணும் கிராவலும் சுக்கானும் கலந்து கிடக்கின்றன. அங்கே குட்டையில் தண்ணீர் நிற்காது, உள்ளே இறங்கிவிடும். கரிசலில் நிற்கும். இறங்கிப் போவது நட்டம் ஆகாது, கீழ்ப்பக்கத்துக் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ ஊறினால் அதுவே பயன். ஆனால் தேக்கி வைத்து எடுத்துப் பாய்ச்சத்தான் வேண்டும் என்றால், அந்த மண்ணில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டியிருக்கும், செலவு பெரிதும் கூடும். நீங்கள் விரும்புவது தேக்கமா ஊற்றா என்று பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் இடம், ஆழம், மதிப்பீடு மூன்றுமே அதைப் பொறுத்து மாறும்.

கீழ்க்கண்ட இடங்களை அவர் மறுத்தால் வாதாட வேண்டாம்: மின்கம்பிக்குக் கீழே, இட்டேரியையும் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலியோரப் பாதை) வண்டிப்பாதையையும் ஒட்டி, வீட்டுக்கு அருகே, பக்கத்துத் தோட்டத்து வரப்பை ஒட்டி. பள்ளமோ ஓடையோ உங்கள் நிலத்தின் நடுவே போனாலும், அது வருவாய்ப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காக, அதாவது அரசு நிலமாக, இருந்தால் உங்கள் விருப்பத்துக்கு அதில் தடுப்பணை கட்ட முடியாது. அது ஊராட்சித் தீர்மானத்தோடு வேறு வழியில் போக வேண்டிய வேலை. புலப்படத்தை விரித்து வைத்து இதை அவரோடு சேர்ந்து பாருங்கள்.

5. அளவும் செலவும்

பெரிய குட்டையே நல்ல குட்டை என்று எண்ண வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்குவது) என்றால், அடிப்பரப்பு 24 மீட்டருக்கு 24 மீட்டராகக் குறையும். கொள்ளளவு 1,464 கன மீட்டர், அதாவது 14 லட்சத்து 64 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4,047 லிட்டர். 40 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் கால்பங்கு ஓடி வருகிறது என்று கொண்டால், மூன்று ஏக்கரிலிருந்து 1 லட்சத்து 21 ஆயிரம் லிட்டர்தான் வரும். அந்தக் குட்டை நிரம்ப இப்படிப் பன்னிரண்டு மழை வேண்டும், அதுவும் இடையில் ஒரு சொட்டும் ஆவியாகாமல், இறங்காமல் இருந்தால். நம் சமவெளிப் பகுதிகளின் ஆண்டு மழை பெரும்பாலும் 600, 700 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. மேல்பக்கத்து நிலங்களின் தண்ணீரும் உங்கள் வழியாக வருகிறதா என்பதைப் பொறுத்தே பெரிய குட்டைக்குப் பொருள் உண்டு.

இடமும் செலவுதான். 30 மீட்டர் சதுரக் குட்டை மட்டுமே 22 சென்ட். சுற்றிலும் கரைக்கும் நடைபாதைக்கும் மூன்று மீட்டர் விட்டால் 32 சென்ட். மூன்று ஏக்கர்க்காரருக்கு அது சிறிய இழப்பு அல்ல.

வெட்டுக்கூலியை மணிக்கணக்கில்தான் கேட்பார்கள். இயந்திரம் மணிக்கு 30 கன மீட்டர் வெட்டும் என்று வைத்தாலும் மேலே சொன்ன குட்டைக்கு 49 மணி நேரம் ஆகும். சுக்கான் வந்தால் இந்தக் கணக்கு நிற்காது. துறையின் இயந்திரங்களை உழவன் செயலியின் இ-வாடகைப் பிரிவில் முன்பதிவு செய்யலாம். தனியார் வாடகையோடு ஒப்பிடும்போது டீசல், ஓட்டுநர், வண்டி வந்துபோகும் செலவு எல்லாம் அடக்கமா என்று இரு பக்கமும் கேளுங்கள். வண்டல் தேக்கும் குழி, நீர் நுழையும் இடத்தில் கல்பதிப்பு, மிகைநீர் வெளியேறும் வழி, வேலி ஆகிய நான்கையும் மதிப்பீட்டில் பாருங்கள். இல்லாதவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். வேலியைத் தள்ளிப்போடாதீர்கள். சரிந்த கரையில் குழந்தையோ மாடோ இறங்கினால் ஏறி வர முடியாது.

6. பணி ஆணைக்கு முன் மண்ணில் கை வைக்காதீர்கள்

பக்கத்து ஊருக்கு வந்த வண்டி இன்று காலியாக இருக்கிறது, மலிவாக வெட்டித் தருவான் என்று யாராவது சொல்வார்கள். பணி ஆணை கைக்கு வரும் முன், முன் அளவீடும் வெற்று நிலத்தின் புகைப்படமும் எடுக்கும் முன், ஒரு பக்கெட் மண்ணை எடுத்தாலும் அந்த வேலை பழைய வேலையாகிவிடும், மானியம் கிடைக்காது. பொறியாளர் நல்லவராக இருந்தாலும் இதில் அவரால் உதவ முடியாது, ஏனெனில் வேலைக்கு முன், நடுவில், முடிவில் என்று இடக்குறியோடு கூடிய படங்கள் பதிவேற வேண்டும்.

வெட்டிய மண்ணை வெளியே விற்க ஒரு லாரிக்காரர் வருவார். அனுமதிச்சீட்டு இல்லாமல் மண்ணோ கிராவலோ நிலத்தை விட்டு வெளியே போனால் அது கனிமக் குற்றம். வண்டியோடு உங்கள் பெயரும் வழக்கில் சேரும். மண்ணைக் கரைக்கும் வரப்புக்கும் தாழ்வான மூலைகளுக்கும் பயன்படுத்துங்கள். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் கரையின் மேல் பரப்பினால் புல் பிடிக்கும். கொழுக்கட்டைப் புல் போட்டால் கரை அரிக்காது, மாட்டுக்கும் தீனி.

7. காலம்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் இலக்கு வட்டாரத்துக்கு வந்து சேரச் சில மாதம் ஆகும். ஆவணங்களைப் பங்குனி, சித்திரையிலேயே தயாராக வைத்திருப்பவர் இலக்கு வந்ததும் முதல் வரிசையில் நிற்பார். பிப்ரவரி, மார்ச்சில் போனால் பொறியாளர்கள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நெருக்கடியில் இருப்பார்கள். அப்போது புதிய விண்ணப்பத்துக்குக் கவனம் கிடைப்பது அரிது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் குட்டை முடிந்திருக்க வேண்டும். கீழ்பவானிப் பாசனத்தில் வழக்கமாக ஆகஸ்ட் 15-க்குத் தண்ணீர் திறப்பார்கள். அதற்குப் பின் வாய்க்காலோர வயற்காடுகளில் ஈரம் ஏறி வண்டி புதைந்துவிடும். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்கள் மாறிமாறி வருவதால், உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

8. அளவெடுப்பும் மானியமும்

வேலை முடிந்த அன்றே பொறியாளருக்குச் சொல்லுங்கள். மழை வந்து குட்டையில் தண்ணீர் நின்றுவிட்டால் அடிப்பரப்பை அளக்க முடியாது, வற்றும் வரை கோப்பு காத்திருக்கும். அவர் அளவுகளை எம்-புக்கில் (அளவீட்டுப் புத்தகத்தில்) எழுதுவார். அந்த நேரத்தில் நீங்களும் உடன் நின்று நீளம், அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணையில் உள்ள அளவைவிடக் குறைந்தால் தொகை குறையும். கூடினால் கூடுதலுக்குப் பணம் கிடையாது. அடுத்து உதவி செயற்பொறியாளரின் சரிபார்ப்பு, பிறகு வங்கிக் கணக்கில் வரவு.

துறைக்குச் செலுத்த வேண்டிய தொகை எதுவானாலும் ரசீது உண்டு. ரசீது இல்லாத தொகையை யார் கேட்டாலும், இடைத்தரகர் ஆயினும் அலுவலர் ஆயினும், கொடுக்காதீர்கள்.

9. கோப்பு நகராவிட்டால்

முதலில் வட்டாரப் பொறியாளரிடமே எந்தத் தாள் குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கையெழுத்தோ ஒரு நகலோதான் குறையும். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் உதவி செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செயற்பொறியாளர் நிலை அலுவலர்கள் வருவார்கள். அங்கே விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு மனு கொடுத்தால் பதில் எழுத்தில் வரும். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று கேட்டால் 30 நாளில் விடை தர வேண்டும்.

மனுவில் பொறியாளர் மீது கோபத்தைக் கொட்டாதீர்கள். எந்தத் தேதியில் எந்தத் தாளைக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். குட்டை முடிந்த பிறகும் அவர் உங்களுக்கு வேண்டியவர். முதல் பருவமழையில் மிகைநீர் எதிர்பார்த்த வழியில் போகாமல் கரையைத் தொட்டால், மிகைநீர்ப் போக்கியின் மட்டத்தை எவ்வளவு இறக்குவது என்று சொல்ல அவர்தான் வர வேண்டும். வண்டல் குழியை ஒவ்வோர் ஆண்டும் ஆவணியில் தூர்வாரி, அந்த வண்டலை வயலில் போட்டுவிடுங்கள்.